வண்ணாரப்பேட்டையின் சட்டமன்ற உறுப்பினர் ஜீவா

தமிழக அரசியல் தலைவர்களுள் சிலர் வரலாற்று நூல்களில் வாழ்வதைவிட மக்கள் சொல்லும் கதைகளில் மிகுதியாக வாழ்கின்றனர். ப. ஜீவானந்தம் அத்தகையவர். ஜீவா என்றதும் தமிழறிந்தோர் நெஞ்சில் முதலில் எழுவது தாம்பரத்துக் குடிசைக் கதை. முதலமைச்சர் காமராசர் ஒரு பள்ளிக்கூட விழாவுக்காகத் தாம்பரம் வந்தார். வழியில் ஜீவாவின் வீட்டை நாடிச் சென்றார். அங்கே ஓலைக் குடிசையைக் கண்டு திகைத்தார். ஜீவாவோ துவைத்த வேட்டி உலரும்வரை வெளியே வரமுடியாமல் காத்திருந்தார். அரசு தர முன்வந்த வீட்டையும் வேண்டாமென்று மறுத்தார் என்று அக்கதை செல்லும். சொல்வோர்க்கேற்ப அது பல வடிவங்கள் கொண்டது. மேடைதோறும் சொல்லப்படுவது, கேட்போர் கண்கலங்கக் கேட்பது.

இக்கதையில் அனைவர் நினைவிலும் நிற்பது வேட்டி. காமராசர் எதற்காக அங்கு வந்தார் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அவர் வந்தது ஒரு பள்ளிக்கூடத்திற்காக. அப்பள்ளிக்கு வித்திட்டவர் ஜீவா என்றே கதையின் பல வடிவங்களும் கூறுகின்றன. ஆளுங்கட்சி முதல்வரும் எதிர்க்கட்சிக்காரரும் ஏழைப் பிள்ளைகளுக்கான ஒரு பொதுக் காரியத்தில் கைகோத்தனர் என்பதே அதன் உட்பொருள். உட்பொருள் மங்கி, உருக்கம் மட்டும் எஞ்சியது. ஜீவாவின் எளிமை போற்றத்தக்கதே. எனினும் அவ்வெளிமையின் ஒளியில், 1952 முதல் 1957 வரை வடசென்னையின் வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்திருந்த ஒரு மக்கள் பிரதிநிதி மறைந்துபோனார். அந்த ஐந்தாண்டுகளையும் அவற்றின் அரசியல் சூழலையும் நினைவுகூர்வது, கட்சி வேறுபாட்டைக் கடந்த பணி என்றால் என்ன என்பதைத் தெளிந்துகொள்ள உதவும்.

வாக்குரிமை பெற்ற பேட்டை

வண்ணாரப்பேட்டை என்னும் பெயரே உழைப்பின் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துத் தந்த தொழிலாளர் குடியிருந்த பகுதி அது. பின்னர் அப்பகுதியைச் சுற்றிலும் தொழில்கள் பெருகின. 1856இல் இராயபுரம் இரயில் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் புறப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் துறைமுகம் உருப்பெற்றது. பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகள் எழுந்தன. வேலை தேடி வந்த ஆந்திர நாட்டினரும் தமிழ் மாவட்டத்தினரும் கரையோர மீனவரும் அருகருகே வாழும் உழைப்பாளர் நகரமாக வடசென்னை வளர்ந்தது. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இம்மண்ணின் விளைவே. தமிழ்த்தென்றல் திரு.வி.க. அச்சங்கத்தின் தூண்களுள் ஒருவராய் நின்றமை தமிழிலக்கிய அன்பர் அறிந்தது. இந்தியாவில் முதன்முதலாக 1923இல் மே தின விழாவைக் கொண்டாடிய சிந்தனைச் சிற்பி ம. சிங்காரவேலர் சென்னை மாநகராட்சியிலும் உறுப்பினராக இருந்து பணியாற்றியவர்.

இத்தனை தொழிலாளர் வாழ்ந்தும், நெடுங்காலம் சட்டமன்றத்திற்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை அவருள் பெரும்பாலோர்க்கு இல்லை. வரி செலுத்துவோர்க்கும் உடைமையுடையோர்க்கும் கல்வி பெற்றோர்க்குமே அன்று வாக்குரிமை இருந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் தொழிலாளர்க்கென ஒதுக்கப்பட்டவை 6 மட்டுமே. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்த 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான் துறைமுகச் சுமைதூக்கியும் ஆலைத் தொழிலாளியும் மீனவப் பெண்ணும் நெசவாளியும் முதன்முறையாக வாக்குச் சாவடிக்குள் நுழைந்தனர்.

அத்தேர்தலில் வண்ணாரப்பேட்டை தேர்ந்தெடுத்தவர் அவ்வூரார் அல்லர். நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் 1907 ஆகஸ்டு 21ஆம் நாள் பிறந்தவர். வைக்கம் போராட்டத்திலும் தன்மான இயக்கத்திலும் காங்கிரசு சோசலிஸ்டு கட்சியிலும் தொண்டாற்றிப் பின் கம்யூனிஸ்டு ஆனவர். 1937இல் தொடங்கிய ‘ஜனசக்தி’ ஏட்டின் ஆசிரியராயிருந்தவர். தொழிலாளர் ஊர்வலங்களில் பாடுவதற்கென்றே பாடல்கள் இயற்றியவர். கட்சி தடை செய்யப்பட்ட காலத்தில் தலைமறைவு வாழ்வையும் சிறையையும் கண்டவர். சொந்தப் பந்தமோ சாதிப் பின்புலமோ செல்வமோ இல்லாத ஒருவரைத் தொழிற்சங்க மேடைகளில் கேட்டுப் பழகிய குரலுக்காகவே ஒரு தொகுதி தேர்ந்தெடுத்தது. சொல்வன்மையை மதித்த வாக்காளர் அவர்கள்.

பெரும்பான்மையற்ற மன்றம்

1952ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமன்றம் தனித்தன்மை வாய்ந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் நிலப்பகுதிகளைக் கொண்டிருந்த மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசு பெற்றவை 152. கம்யூனிஸ்டு கட்சி 62 இடங்களைப் பெற்றது. எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத நிலையில், தேர்தலில் நிற்காத இராசாசி மேலவை உறுப்பினராக்கப்பட்டு ஏப்ரல் மாதம் முதலமைச்சரானார். அம்முறையை எதிர்க்கட்சிகள் கடுமையாகக் கண்டித்தன. பிற கட்சியினர் சிலரின் ஆதரவைக் கொண்டே அமைச்சரவை நிலைத்தது.

அரசினர் தோட்டத்தில் புதிதாகக் கட்டப்பட்ட மண்டபத்தில் 1952 மே திங்களில் இம்மன்றம் கூடியது. பிற்காலத்தில் கலைவாணர் அரங்கம் என்று பெயர் பெற்றது அவ்விடமே. அங்கே இராசாசி கம்யூனிஸ்டுகளை நோக்கி, அவர்களே தம் முதல் எதிரி என்றும் தாமே அவர்களுக்கு முதல் எதிரி என்றும் ஒளிவுமறைவின்றி அறிவித்தார். இந்தச் சூழலில்தான் ஜீவாவின் சட்டமன்ற வாழ்க்கை தொடங்கியது. கட்சி வேறுபாடு கடந்த பணி என்பதை இன்முகம் காட்டலும் கைகுலுக்கலும் என்று கருதுவோர் இச்சூழலை எண்ணிப் பார்த்தல் நலம். அன்று பகைமை வெளிப்படையாகவே இருந்தது. ஆயினும் காரியங்கள் நடந்தன.

அதற்கு முதற்சான்று தஞ்சை. காவிரிப் படுகையில் குத்தகையாளரும் பண்ணையாள்களும் கம்யூனிஸ்டுகள் அமைத்த விவசாயச் சங்கங்களில் திரண்டு நெடுநாள் போராடி வந்தனர். 1952இல் தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது இராசாசியின் அரசு. குத்தகையாளரை மனம்போல் நிலத்தைவிட்டு வெளியேற்றுவதை அச்சட்டம் தடுத்தது. பண்ணையாள்களுக்கும் காப்பு அளித்தது. தம் முதல் எதிரி என்று எவரைச் சொன்னாரோ, அவர்கள் எழுப்பிய கோரிக்கையின் நியாயத்தை அவரது அரசே சட்டமாக்க நேர்ந்தது. எதிரணியின் வலிமையும் ஆள்வோரின் நடைமுறை அறிவும் ஒரு புள்ளியில் சந்தித்ததன் விளைவு அது.

கைத்தறிச் சிக்கல் இரண்டாவது சான்று. 1952, 53 ஆண்டுகளில் துணி தேங்கி, நெசவாளர் பட்டினி கிடந்தனர். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டுமென்று இராசாசி மத்திய அரசை வற்புறுத்தினார். சட்டமன்றத்திற்கு வெளியேயிருந்த திராவிட முன்னேற்றக் கழகத்தினர் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாய் விற்றனர். கம்யூனிஸ்டுகள் நெசவாளர் சங்கங்களின் வாயிலாகக் குரல் கொடுத்தனர். ஆலைத் துணிமீது கூடுதல் தீர்வை விதித்துக் கைத்தறி வளர்ச்சிக்கு நிதி திரட்டும் சட்டம் 1953இல் நடுவண் அரசால் இயற்றப்பட்டது. நெசவாளரின் பசிக்காக மூன்று திசைகளிலிருந்தும் எழுந்த குரல்கள் ஒரே பக்கம் சேர்ந்த நிகழ்ச்சி இது.

இவற்றுள் எதனையும் ஜீவா ஒருவரின் சாதனையாகக் கூறுவது வரலாறாகாது. ஒரு மன்றத்தில் ஓர் உறுப்பினர் ஓரிழை. துணி பலர் நெய்வது. அவ்விழையின் நிறமும் உறுதியும் எத்தகையன என்பதே ஆய்வுக்குரியது.

பள்ளிக்கூட நேரம்

1953ஆம் ஆண்டில் இராசாசி அரசு தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தது. பிள்ளைகள் நாளில் ஒரு நேரம் பள்ளியில் கற்க வேண்டும். மறுநேரம் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும் என்பது திட்டம். எதிர்ப்பாளர் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றழைத்தனர். தந்தை பெரியாரின் திராவிடர் கழகம், தி.மு.க., கம்யூனிஸ்டுகள், காங்கிரசுக்குள்ளேயே காமராசரைச் சார்ந்தோர் எனப் பல முகாம்களிலிருந்து எதிர்ப்பு கிளம்பிற்று. 1953 சூலையில் சட்டமன்றத்தில் நடந்த வாக்கெடுப்புகளில் அரசும் எதிரணியும் ஏறத்தாழச் சமநிலையில் நின்றன. திட்டத்தை நிறுத்தி வைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விடவேண்டும் என்னும் தீர்மானம் மிகச் சில வாக்குகள் வேறுபாட்டில் நிறைவேறிற்று. 1954 ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்.

இதில் வண்ணாரப்பேட்டையின் நிலை சிந்திக்கத்தக்கது. திட்டம் நடைமுறைக்கு வந்தது கிராமப்புறப் பள்ளிகளில். சென்னை நகரத்துப் பிள்ளைகளை அது தொடவில்லை. தொகுதிப் பணி என்பது தன் தெருவுக்கு விளக்குப் போடுவதோடு முடிவதாயின், வடசென்னை உறுப்பினர் எவரும் இதுபற்றி வாய் திறக்க வேண்டியதில்லை. ஆனால் வண்ணாரப்பேட்டையின் வாக்காளர் யார்? அவருள் பலர் தலைமுறைத் தொழிலைத் துறந்து, ஊரைவிட்டு வந்து, துறைமுகத்திலும் ஆலையிலும் புதுவாழ்வு தேடியவர்கள். தந்தையின் தொழிலே மகனுக்கு என்னும் கட்டு எத்துணைக் கொடியது என்பதை அவர்கள் அறிவுரையாகக் கேட்டதில்லை, வாழ்ந்து கண்டிருந்தனர். அவர்களின் பிரதிநிதி கிராமத்துப் பிள்ளைகளின் பக்கம் நின்றது தொகுதியைப் புறக்கணித்ததாகாது. தொகுதியின் அனுபவத்தை நாட்டின் முன் வைத்ததாகும்.

இத்தொகுதியின் மண்ணுக்கு ஒரு முன்மரபும் உண்டு. வடசென்னையில் வாழ்ந்த வெள்ளுடை வேந்தர் சர் பிட்டி தியாகராயர் நீதிக்கட்சியின் தலைவர். நெசவுத் தொழிலை வளர்த்தவர். 1920இல் முதலமைச்சர் பதவி தம்மை நாடி வந்தபோது ஏற்க மறுத்தவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக அவர் இருந்தபோது, அதே 1920இல், ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவளிக்கும் திட்டம் தொடங்கிற்று. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. நீதிக்கட்சித் தலைவர் இட்ட அவ்வித்து, 1956இல் காங்கிரசு முதல்வர் காமராசரின் மதிய உணவுத் திட்டமாகத் தமிழகமெங்கும் பரவியது. 1982இல் அ.இ.அ.தி.மு.க. முதல்வர் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பின்னர் தி.மு.க. முதல்வர் கலைஞர் முட்டை சேர்த்தார். 2022இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்த கட்சிகள் ஒரு பிள்ளையின் வயிற்றுக்காக ஒரே சங்கிலியின் கண்ணிகளாயின. நூறாண்டு காலத் தமிழக அரசியலில் கட்சி வேறுபாட்டைக் கடந்த பணிக்கு இதனினும் பெரிய சான்று தேட வேண்டியதில்லை.

தொகுதிப் பணி

இன்று சட்டமன்ற உறுப்பினர்க்குத் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. தமிழ்நாட்டில் அத்திட்டம் 1997-98ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பேருந்து நிழற்குடையும் பள்ளிக் கட்டடமும் நிதி வழங்கிய உறுப்பினரின் பெயரைத் தாங்கி நிற்பதைக் காண்கிறோம். 1952இல் அத்தகைய நிதி எதுவும் இல்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் கையில் இருந்தவை சில கருவிகளே: வினா நேரத்தில் எழுப்பும் கேள்வி, அதைத் தொடரும் துணைக் கேள்வி, மானியக் கோரிக்கையின்போது கொடுக்கும் வெட்டுத் தீர்மானம், அமைச்சரை நேரில் கண்டு கொடுக்கும் மனு, இவை பயன்படாதபோது தெருவில் கூட்டும் கூட்டம். இவை அனைத்தும் சொல்லால் ஆனவை. ஒரு கேள்வியைத் துல்லியமாகக் கேட்கத் தெரியாத உறுப்பினரால் அன்று தொகுதிக்கு எதையும் பெற்றுத்தர இயலாது. கேட்கத் தெரிந்தவரும் அமைச்சரைப் பகைத்துக்கொண்டு மட்டும் இருந்தால் மனு நகராது. எதிர்ப்பதையும் அணுகுவதையும் ஒருங்கே கற்ற பிரதிநிதி தேவைப்பட்டார்.

வடசென்னையின் தேவைகளோ பெரியவை. துறைமுகத் தொழிலாளர் நாள்தோறும் வாயிலில் காத்து நின்று, கங்காணி கைகாட்டினால் வேலை, இல்லையேல் பட்டினி என்னும் நிலையில் இருந்தனர். வேலையை முறைப்படுத்தும் நடுவண் அரசின் சட்டம் 1948இல் வந்தது. சென்னைத் துறைமுகத் தொழிலாளர் வாரியம் 1953இல் அமைந்தது. பெயர்ப் பதிவும் சுழல்முறை வேலையும் அதனால் வந்தன. சங்கங்கள் பல ஆண்டுகள் எழுப்பிய குரலின் பயன் அது. வடக்கே எண்ணூரில் 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்சு நிறுவனம் 1955இல் அசோக் லேலண்டு ஆனது. அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கிற்று. பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வேலை வந்தது, வேலைக்கு வந்தவர்க்கு வீடு வரவில்லை. கால்வாய்க் கரைகளிலும் இரயில் பாதையோரங்களிலும் குடிசைகள் பெருகின. குடிசை மாற்று வாரியம் தோன்றுவதற்கு 1970வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பின்னணியில் குடிசைக் கதையை மீண்டும் எண்ணுக. முதலமைச்சர் தந்த வீட்டை ஜீவா மறுத்தார் என்று கதை கூறுகிறது. குடிசையில் வாழும் மக்கள் அனைவர்க்கும் வீடு கிடைக்கும் நாளில் தமக்கும் கிடைக்கட்டும் என்பதே அவர் மறுப்பின் கருத்தென்று சொல்வர். கதை நடந்தவாறே சொல்லப்படுகிறதோ இல்லையோ, அதைப் படைத்துக் காத்துவந்த மக்களின் அரசியல் அறிவு வியப்புக்குரியது. தனக்கென்று தரப்படுவது சலுகை. எல்லார்க்கும் தரப்படுவது உரிமை. சலுகையை மறுத்து, உரிமைக்கான பள்ளிக்கூடத்தை ஏற்றுக்கொண்டார் என்று கதை பிரித்துக் காட்டுகிறது. கட்சி கடந்த நட்பு, சலுகைகளைக் கைமாற்றிக் கொள்ளும் உறவாகக் கீழிறங்கிய காட்சிகளை நாடு பின்னாளில் கண்டிருக்கிறது. அதற்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை உணராமல் ஜீவா, காமராசர் நட்பைப் பாராட்டுவதில் பொருளில்லை.

அந்நட்புக்கு வேரும் இருந்தது. இருவரும் விடுதலைப் போரில் சிறை கண்டவர்கள். 1930களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுக் காங்கிரசு என்னும் ஒரே அமைப்பில் இருந்து பணியாற்றியவர்கள். பின்னர் வழிகள் பிரிந்தன. ஒருவர் ஆட்சிக்குச் சென்றார். மற்றவர் அவ்வாட்சியின் காவல்துறையால் தேடப்பட்டார். அதன் பிறகும் மதிப்புக் குறையவில்லை. மதிப்பு இருந்ததால் எதிர்ப்பு மழுங்கியதுமில்லை. காமராசர் ஆட்சியில் தாம் சட்டமன்ற உறுப்பினராயிருந்த காலம் முழுதும் ஜீவா எதிர்வரிசையிலேயே அமர்ந்திருந்தார்.

மொழியும் எல்லையும்

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தது. பொதுவுடைமைக் கட்சியின் தெலுங்கு உறுப்பினர் பலரும் அத்துடன் சென்றனர். சென்னை மன்றத்தில் கம்யூனிஸ்டு அணி சிறுத்தது. பி. இராமமூர்த்தி எதிர்க்கட்சித் தலைவரானார். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலச் சீரமைப்பு நடந்தபோது, திருவிதாங்கூரிலிருந்து தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் தமிழகத்தோடு இணைந்தன. தோவாளை வட்டத்தைச் சேர்ந்தது பூதப்பாண்டி. வேற்று மாநிலத்துக்காரராய் வண்ணாரப்பேட்டையின் வாக்கைப் பெற்ற ஜீவாவின் பிறந்த ஊர், அவர் உறுப்பினராயிருந்த காலத்திலேயே அவர் அமர்ந்திருந்த மன்றத்தின் ஆட்சிக்குள் வந்து சேர்ந்தது.

சட்டமன்ற அலுவல்களில் ஆங்கிலம் ஓங்கியிருந்த காலம் அது. ஜீவா தமிழில் பேசினார். நிதிநிலையும் தொழிற்சட்டமும் தமிழில் பேச முடியாதவை என்று எண்ணியோர்க்கு அவர் பேச்சே விடையாயிற்று. பெருங்கூட்டங்களைக் கட்டிப்போட்ட அந்த நாவன்மை, மன்றத்தில் ஆலைத் தொழிலாளியின் வழக்கை அவன் கேட்டாலும் புரியும் மொழியில் எடுத்து வைத்தது. 1956 டிசம்பரில் தமிழை ஆட்சிமொழியாக்கும் மசோதாவைச் சி. சுப்பிரமணியம் கொண்டுவந்தார், மன்றம் நிறைவேற்றியது. காங்கிரசு அமைச்சர் கொணர்ந்த அச்சட்டம், எதிர்வரிசையிலிருந்தோர் நெடுநாள் கேட்டுவந்த ஒன்று. மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்னும் கோரிக்கைக்காக அதே ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் சங்கரலிங்கனார் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். காந்தியவாதியான அவர் தம் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்க வேண்டினார். 1961இல் நாடாளுமன்ற மேலவையில் பெயர் மாற்ற மசோதாவைக் கொண்டுவந்தவர் வங்கத்துக் கம்யூனிஸ்டு பூபேஷ் குப்தா. 1963இல் அதனை ஆதரித்து வாதிட்டவர் அறிஞர் அண்ணா. 1967இல் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. 1969 சனவரி 14ஆம் நாள் பெயர் நடைமுறைக்கு வந்தது. அந்நாளைக் காண ஜீவா இல்லை.

தொழிலாளியின் மொழி ஆட்சியில் ஏறுவதும் ஒரு தொகுதிப் பணியே. ஊருக்குப் பணம் அனுப்பும் கூலித் தொழிலாளி அஞ்சலகத்தில் படிவத்தை நிரப்பத் தெரியாமல் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பது சிறு துன்பமன்று. குமரி மாவட்டத்து அகத்தீசுவரத்தில் பிறந்த இலக்கியச் செல்வர் குமரி அனந்தன், நாகர்கோவில் மக்களவை உறுப்பினராயிருந்தபோது நாடாளுமன்றத்தில் தமிழில் வினா எழுப்பும் உரிமைக்காகப் போராடி வென்றார். அஞ்சல் படிவங்களில் தமிழ் இடம்பெறவும் குரல் கொடுத்தார். அவரை 1980இல் சட்டமன்றத்திற்கு அனுப்பியது திருவொற்றியூர்த் தொகுதி. கட்சியால் அவர் ஜீவாவுக்கு நேர் எதிர். காந்தி, காமராசர் வழியினர். எனினும் தென்கோடியிலிருந்து வந்த தமிழ்ச் சொல்லாளரைத் தன் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வடசென்னையில் இரண்டாம் முறையாக நிகழ்ந்தது. 2024இல் தி.மு.க. அரசு அவர்க்குத் ‘தகைசால் தமிழர்’ விருது வழங்கியது. 2025 ஏப்ரலில் அவர் மறைந்தார்.

இலக்கிய மேடை

ஜீவாவுக்கு மாற்றுக் கட்சியினரோடு பழகும் பயிற்சி சட்டமன்றத்தில் மட்டும் வாய்த்ததன்று. இலக்கிய மேடையிலும் வாய்த்தது. கம்பன் காவியத்தைத் திராவிட இயக்கத்தார் கடுமையாகத் தாக்கிய காலத்தில், பழுத்த காங்கிரசுக்காரரான கம்பன் அடிப்பொடி சா. கணேசன் காரைக்குடியில் நடத்திய கம்பன் விழா மேடையில் கம்யூனிஸ்டு ஜீவா கம்பனைப் பற்றிப் பேசினார். அவருடைய கட்சியினருள் சிலர்க்கே அது வியப்பாயிருந்தது. மக்களுக்குச் சொந்தமான பழம்பெரும் இலக்கியத்தை எந்தக் கட்சிக்கும் விட்டுக்கொடுக்கலாகாது என்பது அவர் கொள்கை. பாரதியை மூலை முடுக்கெல்லாம் பரப்பியவர்களுள் அவர் முன்வரிசையில் நிற்பவர். ‘தாமரை’ இதழை நடத்தினார். 1961இல் தமிழ்நாடு கலை இலக்கியப் பெருமன்றத்தை நிறுவினார். மாற்றுக் கருத்துடைய எழுத்தாளர்க்கும் அங்கு இருக்கை தர விரும்பினார். அவர் மறைவையொட்டிச் சுந்தர ராமசாமி எழுதிய ‘காற்றில் கலந்த பேரோசை’ என்னும் கட்டுரை தமிழின் சிறந்த நினைவுக் கட்டுரைகளுள் ஒன்றாக இன்றும் வாசிக்கப்படுகிறது. கட்சியோடு முரண்பட்டு விலகிய ஓர் எழுத்தாளர், கட்சித் தலைவர் ஒருவர்க்குச் செலுத்திய மரியாதை அது.

1957க்குப் பின் ஜீவா சட்டமன்றத்திற்குள் மீண்டும் செல்லவில்லை. வடசென்னையின் அரசியல் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியிருந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாக 15 இடங்களுடன் மன்றத்தில் நுழைந்த ஆண்டு அது. சொல்வன்மையை மதித்த பேட்டை, புதிய சொல்வன்மைக்குச் செவிசாய்த்தது. 1963 சனவரி 18ஆம் நாள் ஜீவா காலமானார்.

பேசின் பாலத்திற்கும் பெரம்பூருக்கும் இடையிலுள்ள புறநகர் இரயில் நிலையத்திற்கு ‘வியாசர்பாடி ஜீவா’ என்று பெயர். நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் அப்பெயரைச் சொல்லி இறங்குகின்றனர், ஏறுகின்றனர். ஒரே ஒரு முறை சட்டமன்றத்தில் அமர்ந்து, மறுமுறை வாய்ப்புப் பெறாத ஓர் உறுப்பினரின் பெயர் அவ்வட்டாரத்தின் அன்றாட வழக்கில் நிலைத்திருப்பது சிறு செய்தியன்று.

கருத்து மாறுபாட்டைப் பகையாகவும், நட்பை உடன்பாடாகவும் கொள்ளும் மயக்கம் அரசியலுக்கு மட்டும் உரியதன்று. இலக்கிய அமைப்புகளையும் அது பற்றுவதுண்டு. எதிர்வரிசையில் அமர்ந்தும் பொதுக் காரியத்தில் உடன் நிற்கலாம். உடன் நின்றும் எதிர்க்குரலை விடாதிருக்கலாம் என்பதை வண்ணாரப்பேட்டையின் உறுப்பினர் தம் ஐந்தாண்டுகளில் காட்டினார். தாம்பரத்துக் கதையை இனிச் சொல்வோர், உலர்ந்த வேட்டியோடு அந்தப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்துச் சொல்வார்களாயின், ஜீவாவுக்கும் காமராசர்க்கும் உரிய நீதி செய்தவர்களாவார்கள்.